பழைய பள்ளி வேனுக்கு ஜன்னலை நாமே செய்து மாட்டலாமா? அக்ரிலிக் போட்டு விரிசல் விட்டுவிட்டது

மலைப்பாதை (தாம்பரம்):

வணக்கம். போன ஆடியில் ஒரு பழைய பள்ளி வேன் வாங்கினேன். சீட்டுகளைக் கழற்றிவிட்டு இரண்டு படுக்கை, சின்ன அடுப்பு மேடை, தண்ணீர் டேங்க் எல்லாம் வைத்து, பிள்ளைகளோடு வால்பாறை, கொல்லிமலை என்று போய்த் தங்கிவரும் வண்டியாக மாற்றிக்கொண்டிருக்கிறேன். வயரிங்கும் தச்சு வேலையும் ஓரளவு முடிந்துவிட்டன. ஜன்னலில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

பக்கத்துக்கு நான்கு ஸ்லைடிங் ஜன்னல். அலுமினியச் சட்டம் அடிப்பக்கம் அரித்துப்போய், தொட்டால் வெள்ளை மாவாக உதிர்கிறது. சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் இரண்டு நாள் சுற்றினேன்; அதே அளவில் கிடைத்தவை என்னுடையதைவிட மோசம். கேரவனுக்கென்றே வரும் இறக்குமதி ஜன்னலை விசாரித்தேன். ஒரு ஜன்னலின் விலையில் என் மொத்தத் தச்சு வேலையும் முடிந்துவிடும்.

சரி, நாமே செய்வோம் என்று இறங்கினேன். ஒரு சட்டத்தை எடுத்துவிட்டு, 3 மி.மீ. அக்ரிலிக் ஷீட்டை ஓட்டையைவிடச் சுற்றிலும் ஓர் அங்குலம் பெரிதாக வெட்டி, வெளிப்பக்கமாக வைத்து, 14 ஸ்க்ரூ போட்டு முடுக்கி, விளிம்பில் சிலிக்கான் பூசினேன். பார்க்க நன்றாகவே இருந்தது. மூன்றாவது வாரம், சித்திரை வெயில், மதியம் இரண்டு மணி இருக்கும். உள்ளே உட்கார்ந்து வயர் இழுத்துக்கொண்டிருந்தேன். ‘டப்’ என்று ஒரு சத்தம். மேல் மூலை ஸ்க்ரூவிலிருந்து ஒரு கோடு கிளம்பி ஷீட்டின் நடுவரைக்கும் ஓடியிருந்தது. அடுத்த நாள் பார்த்தால் இன்னும் இரண்டு ஸ்க்ரூவில் நட்சத்திரம் போல விரிசல். அப்புறம் ஒரு கோடை மழை பெய்ததில் கீழ் விளிம்பு வழியாகத் தண்ணீர் இறங்கி, புதிதாக அடித்த பிளைவுட் ஊதிவிட்டது.

மீதி ஏழு ஜன்னலையும் இப்படிச் செய்து கெடுக்க மனம் வரவில்லை. செய்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். கண்ணாடி போடுவதா, பாலிகார்பனேட்டா? சட்டம் செய்ய வேண்டுமா, ரப்பர் பீடிங் போதுமா?


கரூர் பட்டறை:

தம்பி, முதலில் ஒன்று. எட்டு ஜன்னலும் உங்களுக்குத் தேவையா என்று யோசியுங்கள். படுக்கைக்குப் பின்னால் வருவதையும் அலமாரி மறைக்கப்போவதையும் ஷீட் போட்டு அடைத்துவிடலாம். நான்கு நல்ல ஜன்னல் இருந்தால் ஒரு குடும்பத்துக்குத் தாராளம். குறையக் குறைய ஒழுகும் இடமும் குறையும், உள்ளே வெயிலும் குறையும்.

நான் கரூரில் பஸ் பாடி கட்டும் வேலையில் 30 வருடத்துக்கு மேல் இருந்தவன். ஜன்னல் ஒழுகுகிறது என்று வரும் வண்டிகளில் பாதிக்கு மேல் ஒரே கதைதான். யாரோ நல்லது செய்வதாக நினைத்து, சட்டத்தின் வெளிப்பக்கக் கீழ் விளிம்பு முழுக்க சிலிக்கான் பூசியிருப்பார்கள். ஸ்லைடிங் ஜன்னலின் கீழ்ச் சேனலைக் கவனித்துப் பாருங்கள், வெளிப்பக்கம் சின்னச் சின்ன வெட்டு இருக்கும். கண்ணாடிக்கும் அதை உரசி நிற்கும் வெல்வெட் பட்டைக்கும் நடுவே தண்ணீர் எப்படியும் இறங்கும். இறங்கிய தண்ணீர் அந்த வெட்டு வழியாக வெளியே போய்விடும். அதை அடைத்தால் சேனல் தொட்டியாகிவிடும். பிரேக் அடித்தால் அந்தத் தண்ணீர் முன்னால் ஓடி உங்கள் மடியில் கொட்டும்.

அதனால் எந்த முறையில் செய்தாலும் தண்ணீர் உள்ளே வரும் என்று வைத்துக்கொண்டே செய்யுங்கள். வந்தது வெளியே போகிற வழியை முதலில் வெட்டுங்கள். பூச்சு எல்லாம் அதற்குப் பிறகு.

இன்னொன்று, மூலை. ஓட்டையை வெட்டும்போது சதுர மூலை வைக்கவே கூடாது. வண்டி முறுக்கிக்கொண்டே ஓடும். அந்த முறுக்கெல்லாம் மூலையில் போய் நிற்கும். தகடு அங்கேதான் கிழியத் தொடங்கும். குறைந்தது 50 மி.மீ. ஆரமுள்ள வளைவு கொடுங்கள். ஒரு டம்ளர் வாயை வைத்துக் கோடு போட்டால்கூட 35, 40தான் வரும்; பெரிய டப்பா மூடி எடுத்துக்கொள்ளுங்கள். மூலையில் முதலில் துளை போட்டுவிட்டு ஜிக்சாவில் வெட்டுங்கள், மெல்லிய பல் பிளேடு. கிரைண்டர் வேண்டாம். பொறி பறந்து வண்டி பெயிண்டிலும் பக்கத்துக் கண்ணாடியிலும் ஒட்டிக்கொள்ளும், ஒரே மழையில் அந்த இடமெல்லாம் துருப் புள்ளி விழும். வெட்டிய விளிம்பை அரம் போட்டுச் சீவி, அன்றைக்கே பிரைமர் அடித்துவிடுங்கள். நாளைக்கு என்று விட்டால் துரு முந்திக்கொள்ளும்.


போர்டு கடைக்காரர் (திருச்சி):

உங்கள் அக்ரிலிக் ஏன் வெடித்தது என்பதற்கு நான் பதில் சொல்கிறேன். பெயர்ப்பலகை தொழிலில் தினமும் இந்த ஷீட்டோடுதான் மல்லுக்கட்டுகிறேன்.

அக்ரிலிக்கோ பாலிகார்பனேட்டோ, வெயிலில் இரும்பைவிட ஐந்தாறு மடங்கு விரியும். ஒரு மீட்டர் நீளத்துக்கு, ஒரு டிகிரி சூட்டுக்கு, சுமார் 0.07 மி.மீ.; இரும்புக்கு 0.012தான். காலையில் 25 டிகிரியில் இருக்கும் ஷீட் மதியம் 65 டிகிரிக்குப் போகிறது என்று வையுங்கள். மூன்றடி ஷீட் இரண்டரை மில்லி நீளும். அதைத் தாங்கும் தகடு அரை மில்லிகூட நீளாது. இரண்டு மில்லி எங்கே போகும்? நீங்கள்தான் 14 ஸ்க்ரூ போட்டு இறுக்கிவிட்டீர்களே. அக்ரிலிக் வளைந்துகொடுக்காது, துளையின் ஓரத்திலிருந்து கீறிவிடும். துளையில் ஸ்க்ரூ தலை பதிய வேண்டுமென்று கூம்பாகக் குடைந்திருந்தால் இன்னும் சீக்கிரம் போகும்.

ஸ்க்ரூ போட்டே தீர வேண்டுமென்றால் 4 மி.மீ. ஸ்க்ரூவுக்கு 7 மி.மீ. துளை போடுங்கள். தட்டைத் தலை, கீழே அகலமான வாஷர், அதற்கும் கீழே ரப்பர் வாஷர். விரலால் திருப்பினால் வாஷர் சுற்ற வேண்டும், அந்த அளவு முடுக்கினால் போதும். ஆனால் என்னைக் கேட்டால் ஷீட்டில் துளையே வேண்டாம். சுற்றிலும் சட்டத்துக்குள் பிடித்து, பக்கத்துக்கு ஒரு நூல் (சுமார் 3 மி.மீ.) இடைவெளி விடுங்கள். அது தன் பாட்டுக்கு நீண்டு சுருங்கட்டும்.

பாலிகார்பனேட்டில் கவனிக்க வேண்டியவை இன்னும் இருக்கின்றன. பெரும்பாலான ஷீட்டில் ஒரு பக்கம் மட்டும்தான் வெயில் தாங்கும் பூச்சு இருக்கும். மேலே ஒட்டியிருக்கும் பிலிமில் எந்தப் பக்கம் வெளியே என்று எழுதியிருப்பார்கள். மாற்றிப் போட்டால் சில வருடத்தில் மஞ்சளாகிவிடும். பிலிமை உரித்த பிறகு எந்தப் பக்கம் என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியாது, அதனால் உரிப்பதற்கு முன்பே ஓரத்தில் மார்க்கரால் ஒரு குறி வைத்துவிடுங்கள். பிலிமோடு வெயிலில் விட்டாலும் வம்பு, வெந்து ஒட்டிக்கொண்டால் நகத்தால் சுரண்ட வேண்டியதுதான்.

அப்புறம் தின்னர், பெட்ரோல் பக்கமே போகக் கூடாது. என் கடையில் புதிதாகச் சேர்ந்த பையன் பசை துடைக்கத் தின்னர் போட்டுத் துடைத்தான். பத்து நிமிடத்தில் விளிம்பு முழுக்க மீன் செதில் மாதிரி நுண்ணிய கீறல். சோப்புத் தண்ணீரும் பழைய பருத்தித் துணியும் போதும். சிலிக்கானும் அப்படித்தான். பிதுக்கியவுடன் காடி (வினிகர்) வாசனை அடிப்பது பாலிகார்பனேட்டுக்கும் ஆகாது, தகட்டுக்கும் ஆகாது. நியூட்ரல் என்று கேட்டு வாங்குங்கள்.


மலைப்பாதை:

இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. நான் போட்டது காடி வாசனைச் சிலிக்கானேதான். இன்று பழுதான ஷீட்டைக் கழற்றினேன். சிலிக்கானுக்கு அடியில் தகடு பழுப்பேறி இருக்கிறது. வெட்டிய விளிம்புக்குப் பிரைமரும் அடிக்கவில்லை.

கரூர் ஐயா சொன்னபடி நான்கு ஜன்னலை அடைத்துவிடுகிறேன். மீதி நான்கில் இரண்டு நிரந்தரமாக மூடியது, இரண்டு திறப்பது. கண்ணாடியா பாலிகார்பனேட்டா என்பதில்தான் இன்னும் குழப்பம். எடை குறையும் என்பதால் மனம் பாலிகார்பனேட் பக்கம் போகிறது.


ஆர்.சி. புத்தகம் (சேலம்):

எடையைப் பார்க்கிற நேரத்தில் இதையும் பாருங்கள். வண்டி எரிகிறது, கதவு திறக்கவில்லை என்று வையுங்கள். டஃபன் கண்ணாடியை (சூளையில் சூடேற்றி வலுவாக்கிய கண்ணாடி) சுத்தியல் முனையால் மூலையில் ஒரு தட்டுத் தட்டினால் கற்கண்டு மாதிரி உதிரும், பிள்ளைகளை வெளியே தள்ளிவிடலாம். பாலிகார்பனேட்டைச் சம்மட்டியால் அடித்தாலும் உடையாது. வீட்டுக்குப் பலம், ஆள் உள்ளே மாட்டினால் அதுவே பொறி. ஆகவே நிரந்தரமாக மூடியிருப்பதில் கண்ணாடி போடுங்கள். பாலிகார்பனேட் வேண்டுமென்றால் திறக்கும் ஜன்னலில் மட்டும் வையுங்கள், அதுவும் உள்ளிருந்து எந்தச் சாவியும் இல்லாமல் திறக்க வேண்டும், ஒரு பெரிய ஆள் நுழைந்து வெளியேறும் அளவு இருக்க வேண்டும். பழைய பள்ளி வேன் என்றால் ஜன்னலுக்குக் குறுக்குக் கம்பி இருக்குமே, அதை எடுத்துவிட்டீர்களா?

சட்ட விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். 1988ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, வண்டியில் செய்யும் மாற்றங்களைப் பற்றியது. ஆர்.சி.யில் இருப்பதற்கு மாறாகச் சீட்டைக் குறைத்தாலோ பாடியை மாற்றினாலோ அனுமதி வாங்கிப் பதிய வேண்டும். வேலை முடித்துவிட்டுப் போய் நிற்காதீர்கள். வெட்டுவதற்கு முன்பே உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வரைபடத்தோடு போய்ப் பேசிவிடுங்கள். கண்ணாடியில் ஐ.எஸ். 2553 குறி இருக்க வேண்டும். முன்னும் பின்னும் 70 சதவீதம், பக்கத்தில் 50 சதவீதம் வெளிச்சம் ஊடுருவ வேண்டும். கறுப்பு பிலிம் ஒட்டுவதை 2012இல் உச்ச நீதிமன்றமே தடுத்துவிட்டது. மறைப்பு வேண்டுமென்றால் உள்ளே திரைச்சீலை போடுங்கள், வண்டி நிற்கும்போது மட்டும் இழுத்துவிடுங்கள். டிரைவர் பக்கக் கண்ணாடி, முன் கண்ணாடி இரண்டிலும் வீட்டுத் தயாரிப்பு என்ற பேச்சே வேண்டாம்.


மலைப்பாதை:

கம்பியை எடுத்துவிட்டேன். வெளியேறுவதைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை, உண்மையைச் சொல்கிறேன். நிரந்தரமானவை இரண்டும் 5 மி.மீ. டஃபன் கண்ணாடி என்று முடிவு செய்துவிட்டேன். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: சதுர மீட்டருக்குப் பன்னிரண்டரை கிலோ. 4 மி.மீ. பாலிகார்பனேட் ஐந்து கிலோகூட வராது. ஆனாலும் கண்ணாடிதான்.


டொல்பின் வான் (யாழ்ப்பாணம்):

வணக்கம் அண்ணை. நான் பழைய டொல்பின் வான் ஒன்றை இப்படித்தான் மாற்றி வைத்திருக்கிறேன். கொழும்பில் வாகன உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையில் தேடியும் பின்பக்க யன்னல் ஒன்று கிடைக்கவில்லை, அதனால் நானே வெட்டிப் போட்டேன். மூடிய கண்ணாடிக்கு எச் வடிவ றப்பர்தான் சரி. ஒரு பக்கக் காடியில் (பள்ளத்தில்) கண்ணாடி, மறுபக்கக் காடியில் தகடு, பிறகு நடுவில் லொக் பட்டி செருகினால் இறுகிவிடும். பசையே தேவையில்லை.

கண்ணாடி அளவில்தான் ஆட்கள் பிழை விடுகிறார்கள். றப்பரை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, இரண்டு காடிக்கும் நடுவிலுள்ள தடிப்பை அளவுங்கோ. அது 5 மி.மீ. என்றால் கண்ணாடி ஓட்டையைவிட நீளத்திலும் உயரத்திலும் 10 மி.மீ. குறைய வேண்டும். முதலில் அட்டையில் வெட்டி, றப்பரோடு சேர்த்து வைத்துப் பாருங்கோ. டஃபன் கண்ணாடியைச் சூளையில் போட்டு எடுத்த பிறகு ஒரு நூல்கூடச் சீவ ஏலாது, முழுசும் பொடியாகிவிடும். மூலை வளைவும் அட்டையிலேயே சரி பார்த்து, அந்த அட்டையையே கடையில் குடுங்கோ. எண்களை எழுதிக் குடுத்தால் வளைவில் பிழைக்கும்.

மாட்டுவது எப்படி என்று சொல்கிறேன். றப்பரைக் கண்ணாடி சுற்றிப் போடுங்கோ. மற்றக் காடிக்குள், தகடு வரவேண்டிய காடிக்குள், ஒரு நைலோன் கயிற்றைச் சுற்றிலும் பதியுங்கோ. இரண்டு முனையும் கீழ் நடுவில் ஒரு முழம் கூடுதலாகத் தொங்கட்டும். சவர்க்காரத் தண்ணீர் தாராளமாகப் பூசி, ஒருவர் வெளியே நின்று உள்ளங்கையால் அழுத்த, மற்றவர் உள்ளேயிருந்து கயிற்றை மெல்ல இழுக்க வேண்டும். கயிறு வர வர றப்பரின் உதடு தகட்டுக்கு மேலே ஏறி உட்காரும். ‘ப்ளக், ப்ளக்’ என்று ஒவ்வொரு விரற்கடையாக ஏறுவதைக் கேட்கலாம். நானும் தம்பியும் முதல் யன்னலுக்கு ஒரு மணித்தியாலம் எடுத்தோம், இரண்டாவது பத்து நிமிஷம்.

றப்பரை அளவாக வெட்டாமல் ஒரு விரல் அகலம் கூட வெட்டி நெருக்கிப் போடுங்கோ. பிறகு அது சுருங்கும், இழுத்துப் போட்டால் மூட்டு வாய் பிளந்துவிடும். றப்பர் மூட்டும் லொக் பட்டி மூட்டும் ஒரே இடத்தில் வரவும் கூடாது. இங்கே உப்புக் காற்று. எவர்சில்வர் ஆணியை அலுமினியத்தில் நேரே போட்டால் ஆணியைச் சுற்றி அலுமினியம் பொரிந்துவிடும். நடுவில் நைலோன் வாஷர் போடுங்கோ.


பனிக்காடு (டொராண்டோ):

நான் இங்கே மஞ்சள் பள்ளி பஸ் ஒன்றை வீடாக்கியிருக்கிறேன். உங்களுக்கு வெயில், எங்களுக்குக் குளிர். ஆனால் ஈரம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். நான்கு பேர் மூடிய வண்டியில் தூங்கினால் மூச்சுக் காற்றின் ஈரம் முழுக்க ஒற்றைக் கண்ணாடியில் வந்து படியும். விடிகாலையில் கண்ணாடி வழியே வழிந்து மரச் சட்டத்துக்குள் இறங்கும். ஊட்டியில் மார்கழியில் தங்கினால் உங்களுக்கும் இது வரும். ஒழுகல் என்று நினைத்து வெளியே பூசிக்கொண்டே இருப்பீர்கள். என்னுடைய முதல் குளிர்காலம் முழுக்க அப்படித்தான் போனது.

இரட்டைத் தகடு வைத்துப் பார்த்தேன். இரண்டு பாலிகார்பனேட் ஷீட்டுக்கு நடுவே 10 மி.மீ. இடைவெளி விட்டுச் சுற்றிலும் அடைத்தேன். இரண்டே மாதத்தில் நடுவில் பனி படிந்துவிட்டது. பிளாஸ்டிக் வழியாகவே ஈரம் மெல்ல நுழையும், துடைக்கவும் வழியில்லை. இப்போது உள் தகட்டைக் காந்தப் பட்டியில் ஒட்டி, கழற்றும்படி வைத்திருக்கிறேன். தேவைப்பட்டால் எடுத்துத் துடைப்பேன். உங்கள் ஊருக்கு இரட்டைத் தகடு அவசியம் இல்லை. இரவில் இரண்டு எதிரெதிர் ஜன்னல்களைக் கொஞ்சம் திறந்து வைக்கிற மாதிரி செய்துகொண்டால் போதும்.


கரூர் பட்டறை:

மழையிலும் திறந்து வைக்க வேண்டுமென்றால் ஸ்லைடிங் சரிவராது. மேலே கீல் வைத்து, கீழ்ப்பக்கம் வெளியே தள்ளித் திறக்கிற மாதிரி செய்யுங்கள். திறந்தால் அதுவே தாழ்வாரம் மாதிரி நிற்கும்.

ஒரு அங்குல அலுமினிய எல் பட்டையில் சட்டம். அதில் 4 மி.மீ. பாலிகார்பனேட்டை போர்டு கடைக்காரர் சொன்ன இடைவெளியோடு உட்கார வையுங்கள். மேலே முழு நீளத்துக்கும் பியானோ கீல். கீலுக்கும் மேலே பாடியில் ஒரு சின்ன எல் பட்டையை ரிவிட் அடித்து, கூரையிலிருந்து வழியும் தண்ணீரை இரண்டு பக்கமும் தள்ளிவிட வேண்டும். அந்தப் பட்டை ஜன்னலைவிட இரண்டு பக்கமும் இரண்டு அங்குலம் நீண்டிருக்கட்டும். கீலில் தண்ணீர் புகுந்தால் எந்த ரப்பரும் காப்பாற்றாது.

ஓட்டை விளிம்பில் உள்ளே குழலாக இருக்கும் டி (D) வடிவ ரப்பர். மூடும்போது அது மூன்றில் ஒரு பங்கு நசுங்கினால் போதும். முழுக்க நசுங்கும்படி கொக்கி வைத்தால் ஆறே மாதத்தில் தட்டையாகிப் பயன்படாமல் போகும். கீழ் விளிம்புத் தகடு வெளிப்பக்கம் சரிந்திருக்க வேண்டும். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, விளிம்பில் ஒரு கோலிக்குண்டை வையுங்கள். வெளியே உருண்டால் சரி.

வண்டிப் பக்கச் சுவர் நேராக இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். ஒரு நேர்க்கம்பியை மேலிருந்து கீழாக வைத்துப் பாருங்கள், நடுவில் வெளிச்சம் தெரியும். நேரான சட்டத்தை வளைந்த சுவரில் முடுக்கினால் சட்டம் முறுக்கிக்கொள்ளும். இடைவெளி உள்ள இடத்தில் பட்டை வைத்து ஏந்திக் கொடுங்கள்.


மலைப்பாதை:

ஐப்பசி மழை ஒரு சுற்று முடிந்துவிட்டது. வேலை எப்படி முடிந்தது என்று எழுதுகிறேன்.

பழைய சட்டங்களைக் கழற்றியதும் இரண்டு இடத்தில் ஜன்னல் அடித்தகடு விரலால் அழுத்தினாலே உள்ளே போனது. அதை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வெல்டிங் வைக்கவே ஒரு வாரம் ஆகிவிட்டது. அடைத்த நான்கு ஜன்னலில் மூன்றுக்குத் தகட்டை முழுக்க வெல்டிங் வைக்கவில்லை. முதல் தகட்டுக்கு அப்படி வைத்துப் பார்த்தேன். சூட்டில் அலை அலையாக நெளிந்தது. மற்றவற்றை பாலியூரித்தேன் பசையும் ரிவிட்டும் போட்டு ஒட்டினோம். வரைபடத்தோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு முன்கூட்டியே போனதும் நல்லதாயிற்று. வெளியேறும் ஜன்னல் எது என்றுதான் முதலில் கேட்டார்கள்.

கண்ணாடி இரண்டும் அட்டை மாதிரி கொடுத்துச் செய்ததால் ஒரே தடவையில் பொருந்தின. கயிற்றை நான் உள்ளேயிருந்து இழுத்தேன், என் மனைவி வெளியே நின்று அழுத்தினாள். அந்த ‘ப்ளக்’ சத்தத்துக்காகவே பிள்ளைகள் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள்.

தள்ளித் திறக்கும் ஜன்னல் இரண்டில் ஒன்று சொட்டுக்கூட ஒழுகவில்லை. இன்னொன்று, முதல் பெருமழையில் கீழ்மூலையில் ஒழுகியது. உடனே சிலிக்கானைத் தேடிக் கை போனது. ஐயா எழுதியதை நினைத்துக்கொண்டு, பூசாமல் ஒரு குவளைத் தண்ணீரை மேலிருந்து மெதுவாக ஊற்றிக்கொண்டே உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தேன். மேலேயுள்ள எல் பட்டையில் ஒரு ரிவிட் சரியாக இறுகவில்லை. அதன் துளை வழியாகத் தண்ணீர் நுழைந்து, தகட்டுக்குப் பின்னாலேயே இரண்டடி நடந்து, மூலையில் வந்து எட்டிப் பார்க்கிறது. ரிவிட்டைத் துளைத்து எடுத்து, புதியதைப் பசையில் தோய்த்து அடித்தேன். நின்றுவிட்டது.


கொங்கு பயணி (ஈரோடு):

அண்ணே, நானும் இதே மாதிரி ஒரு வேனில் இறங்கப் போகிறேன். உங்கள் அட்டை மாதிரியைக் கொடுத்தால் நேரே கண்ணாடிக்கு ஆர்டர் போட்டுவிடலாமா?


மலைப்பாதை:

தம்பி, அட்டை தாராளமாகத் தருகிறேன், ஆனால் அதை வைத்து ஆர்டர் மட்டும் போட்டுவிடாதீர்கள். என் வண்டியிலேயே இடப்பக்க ஓட்டைக்கும் வலப்பக்க ஓட்டைக்கும் 6 மி.மீ. வித்தியாசம் இருந்தது, இரண்டுக்கும் தனித்தனி அட்டைதான் வெட்டினேன். முதலில் ரப்பரை வாங்குங்கள், நடுத்தடிப்பை அளந்துகொள்ளுங்கள். மூலை வளைவுக்கு என் வீட்டு ஐந்து கிலோ மாவு டப்பாவின் மூடியைத்தான் வைத்தேன், ஆரம் 70 மி.மீ. வந்தது. ரப்பர் எந்தச் சுருக்கமும் இல்லாமல் உட்கார்ந்தது. அளவெடுக்கும் நாளில் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை என்றால் நானே ஈரோடு வந்துவிடுகிறேன்.